யார் ஏற்றிய வெளிச்சம்?
நியூயார்க் குடியிருப்புகளின் புகைப்பட வரலாறும் நம் வீட்டு ஆல்பங்களும்



இந்த நினைவுச் சொற்பொழிவு யார் பெயரால் நடக்கிறதோ, அந்தத் தோழரின் படம் மாலையோடு மேடையில் இருக்கிறது. எல்லோரும் பூப்போட்டு வணங்கினோம். அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது தனியாக எடுத்த படம் அல்ல. ஓர் ஆர்ப்பாட்டம் முடிந்தபின் கூட்டமாக நின்று எடுத்த படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. அதனால்தான் முகம் சற்றுக் கலங்கித் தெரிகிறது. அவருடைய இடது தோளில் ஒரு கை இருக்கிறது. யாருடைய கை அது என்று விழாக் குழுத் தோழர்களைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மூலப்படமும் இப்போது இல்லை.

நாற்பது ஆண்டுகள் பொதுவாழ்வில் இருந்த ஒருவருக்குத் தனியாக ஒரு படம் இல்லை. அவரோடு தோளில் கைபோட்டு நின்ற தோழருக்கு முகமே இல்லை. இன்று நான் பேசப்போவது இந்தக் குறையைப் பற்றித்தான். ஒரு பெருநகரத்தில் எந்தக் குடியிருப்பு படமாகிறது, யார் எடுக்கிறார்கள், எந்த நேரத்தில் எடுக்கிறார்கள், எடுத்த படம் யாரிடம் போய்ச் சேருகிறது என்ற கேள்விகளை வரலாற்றின் வழியாகப் பார்க்க விரும்புகிறேன்.

அதற்கு நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். உலகத்தின் பல இனத்தவரும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் குடியேறிய நகரம் அது. உலகிலேயே மிக அதிகமாகப் படம்பிடிக்கப்பட்ட நகரங்களில் ஒன்று. இன்னொரு காரணம் நமக்கு நெருக்கமானது. 1913 ஜூலையில் 22 வயது இளைஞராக அண்ணல் அம்பேத்கர் அந்த நகரத்தில்தான் போய் இறங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். 1916 மே 9 அன்று இந்தியாவில் சாதிகள் பற்றிய தம் கட்டுரையை அங்கேதான் வாசித்தார். கொலம்பியா ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. அந்த மேட்டிலிருந்து பூங்காவைக் கடந்து கீழே இறங்கினால் ஹார்லெம்.

1. படமே இல்லாத ஊர்

முதலில், படமே எடுக்கப்படாத ஓர் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பூங்காவின் மேற்குப் பக்கத்தில் செனகா வில்லேஜ் என்று ஓர் ஊர் இருந்தது. 1825இல் சுதந்திரக் கறுப்பின மக்கள் அங்கே நிலம் வாங்கத் தொடங்கினார்கள். வீடு கட்டினார்கள், தேவாலயங்கள் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பின்னாளில் ஐரிஷ் குடியேறிகளும் வந்து சேர்ந்தார்கள். அந்த நிலத்துக்கு இன்னொரு பொருளும் இருந்தது. 1821இல் திருத்தப்பட்ட நியூயார்க் மாநில அரசியல் சட்டப்படி, கறுப்பின ஆண் ஒருவர் வாக்களிக்க வேண்டுமென்றால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். வெள்ளையருக்கு அந்த நிபந்தனை கிடையாது. ஆகவே செனகா வில்லேஜில் ஒரு மனை என்பது ஒரு வாக்கு.

1857இல் பூங்காவுக்காக அரசு அந்த நிலத்தை எடுத்துக்கொண்டு ஊரை இடித்தது. ஏறத்தாழ 225 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பத்திரிகைகள் அவர்களை நிலத்தை வளைத்துப் போட்டவர்கள் என்றும் குடிசைவாசிகள் என்றும் எழுதின. பட்டா வைத்திருந்தவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று எழுதுவது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதல்லவா?

அப்போது கேமரா இல்லாமல் இல்லை. மேத்யூ பிரேடி 1844இலேயே பிராட்வேயில் ஸ்டுடியோ திறந்துவிட்டார். பணக்காரர்களும் அரசியல்வாதிகளும் அங்கே போய் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அதே நகரத்தில் சில மைல் தொலைவிலிருந்த செனகா வில்லேஜின் தெருவைக் காட்டும் ஒரு புகைப்படம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 2011இல் தொல்லியலாளர்கள் மண்ணைத் தோண்டியபோதுதான் பீங்கான் துண்டுகளும் கெட்டிலும் ஒரு குழந்தையின் செருப்பும் வெளிவந்தன. படம் இருந்திருந்தால் குடிசை என்ற பொய் அத்தனை நாள் நின்றிருக்குமா?

2. நள்ளிரவில் வந்த கேமரா

அடுத்த கேமரா, ஏழைகளின் குடியிருப்புக்குள் நுழைந்த கேமரா. ஜேக்கப் ரீஸ் 1870இல் டென்மார்க்கிலிருந்து பிழைக்க வந்தவர். வேலை இல்லாமல் பட்டினி கிடந்தவர். பிறகு போலீஸ் செய்தியாளர் ஆனார். மன்ஹாட்டனின் கீழ்க்கோடியில் மல்பெரி வளைவு என்ற பகுதியில் இத்தாலியரும் யூதரும் சீனரும் ஐரிஷ்காரரும் காற்றும் வெளிச்சமும் இல்லாத அடுக்குக் கட்டடங்களில் அடைந்து கிடந்தார்கள். எழுதி எழுதிப் பார்த்தும் யாரும் நம்பவில்லை. 1887 வாக்கில் ஜெர்மனியிலிருந்து மக்னீசியத் தூள் வெளிச்சம் அறிமுகமானது. இருட்டிலும் படம் எடுக்கலாம் என்றானது. ரீஸ் அதைக் கையில் எடுத்தார்.

அவர் போனது இரவில். பேயார்ட் தெருவில் ஒரு சின்ன அறையில் ஆளுக்கு ஐந்து சென்ட் கொடுத்துப் படுத்திருந்தவர்களை எடுத்த படம் உலகப் புகழ்பெற்றது. அந்தப் படத்தில் இருப்பவர்களின் கண்களைப் பாருங்கள். தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுந்த கண்கள். கதவு திறந்தது, வெடித்தது, கண் கூசியது, வந்தவர்கள் போய்விட்டார்கள். ஒருமுறை பார்வையற்ற ஐந்து பேர் இருந்த அறையில் தூளைக் கொளுத்தியபோது சுவரில் தொங்கிய காகிதமும் கந்தலும் தீப்பிடித்ததை ரீஸே எழுதியிருக்கிறார். கண் தெரியாதவர்களைக் கேட்காமலே படமெடுத்து, அவர்கள் இருந்த அறைக்கும் தீ வைக்கத் தெரிந்தது அந்த வெளிச்சம்.

1890இல் அவருடைய புத்தகம் வந்தது. நகரமே அதிர்ந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட் ரீஸின் நண்பரானார். மல்பெரி வளைவு இடிக்கப்பட்டு 1897இல் அங்கே பூங்கா திறக்கப்பட்டது. 1901இல் அடுக்குக் கட்டடங்களுக்கான சட்டம் வந்தது. ஒவ்வோர் அறைக்கும் சன்னல், ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறை என்று புதுக் கட்டடங்களுக்கு விதி வந்தது. இதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. அந்தச் சன்னல் வழியாக வந்த காற்றைச் சுவாசித்து எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள்.

ஆனால் அதே புத்தகத்தை இனவாரியாக அத்தியாயம் பிரித்து எழுதினார் ரீஸ். இத்தாலியர் இப்படி, யூதர் இப்படி, சீனர் இப்படி என்று பிறப்பின் பேரில் குணத்தை எழுதிவைத்தார். சீனர்களைப் பற்றி அவர் எழுதியது அப்பட்டமான வெறுப்பு. சீனர் வருகையைத் தடுக்கும் சட்டம் 1882இலேயே வந்துவிட்ட நாட்டில் அது வெறும் கருத்து அல்ல. அவருடைய படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் அநேகமாக இல்லை. மல்பெரி வளைவை இடித்ததைக் கொண்டாடிய நகரம், அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதைப் படமெடுத்து வைக்கவில்லை.

ரீஸின் பிள்ளைகள் இன்றும் நம் தெருவுக்கு வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய லென்ஸோடு வடசென்னைக்கு வருகிறார்கள். குழாயடியில் சண்டை வந்தால் எடுக்கிறார்கள். மூக்கொழுகும் பிள்ளையை எடுக்கிறார்கள். பள்ளிக்கூடச் சீருடையில் அதே பிள்ளை வந்து நின்றால் கேமராவை இறக்கிவிடுகிறார்கள். நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ரீஸும் நல்ல மனசோடுதான் வந்தார்.

3. சூட்டுப் போட்ட ஹார்லெம்

அம்பேத்கர் கொலம்பியாவிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட 1916ஆம் ஆண்டு வாக்கில், ஹார்லெமின் 135ஆம் தெருவில் ஜேம்ஸ் வான் டெர் ஸீ என்ற கறுப்பின இளைஞர் ஒரு ஸ்டுடியோ திறந்தார். தெற்கு மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பிக் கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமாக வடக்கே வந்துகொண்டிருந்த காலம். வந்தவர்கள் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, நல்ல துணி உடுத்திப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவது. நாங்கள் பிழைத்துவிட்டோம் என்று சொல்லும் கடிதம் அது.

வான் டெர் ஸீயின் ஸ்டுடியோவில் பூந்தொட்டி இருந்தது, வரைந்த திரைச்சீலை இருந்தது, நல்ல நாற்காலி இருந்தது. படத்தைக் கழுவிய பிறகும் அவர் விடமாட்டார். பல்லைச் சீராக்குவார், தேவைப்பட்டால் நெகட்டிவிலேயே நகையை வரைந்து மாட்டிவிடுவார். கல்யாணத் தம்பதியின் காலடியில் நாளை பிறக்கப்போகும் குழந்தையை மங்கலாகச் சேர்த்து வைப்பார். 1924இல் மார்கஸ் கார்வியின் இயக்கத்துக்காக ஊர்வலங்களை எடுத்தார். 1932இல், நாடே பொருளாதார வீழ்ச்சியில் கிடந்தபோது, விலையுயர்ந்த ரோமக் கோட்டு அணிந்த கறுப்பினத் தம்பதி காடிலாக் காரோடு நிற்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்தார்.

இதில் பொய் இல்லையா என்று கேட்கலாம். ஹார்லெமில் பட்டினி இல்லையா? இருந்தது. ஆனால் பட்டினியைப் படமெடுக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று படத்தில் இருப்பவரே தீர்மானித்த இடம் அந்த ஸ்டுடியோ. நம்முடைய தெருமுனைகளில் நிற்கும் அம்பேத்கர் சிலையை நினைத்துப் பாருங்கள். நீலக் கோட்டு, டை, கையில் புத்தகம். கோட்டுப் போட்டவர் எப்படி ஏழைகளின் தலைவர் என்று கேட்டவர்கள் உண்டு. இடுப்புத் துணியைத் தவிர வேறெதுவும் உடுத்தக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, தோளில் துண்டு போடக்கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களுக்கு அந்தக் கோட்டு என்ன பொருள் தந்தது என்பது அவர்களுக்குப் புரியவில்லை. வான் டெர் ஸீக்குப் புரிந்திருக்கும்.

கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் இதை இன்னும் முன்னதாகவே உணர்ந்தவர். 1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் 363 புகைப்படங்களை ஆல்பங்களாகக் கொண்டுபோய் வைத்தார். ஜார்ஜியா மாநிலக் கறுப்பின மக்களின் முகங்கள், வீடுகள், கடைகள். குற்றவாளி என்றும் வேடிக்கைப் பொருள் என்றும் காட்டப்பட்ட இனத்துக்கு அவர் தந்த பதில் அது. 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இந்த டு பாய்ஸுக்குத்தான். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பிய மனுவின் பிரதிகளைக் கேட்டு எழுதினார். இரண்டு மக்களுக்கும் இடையில் இருக்கும் உறவை நாம் இட்டுக்கட்டவில்லை. தலைவர்களே தொடங்கிவைத்தது.

ஒரு வேதனையையும் சொல்ல வேண்டும். 1969 ஜனவரியில் நியூயார்க்கின் பெரிய அருங்காட்சியகமான மெட்ரோபாலிடன், ஹார்லெமைப் பற்றிக் கண்காட்சி வைத்தது. வான் டெர் ஸீயின் படங்களே அதன் உயிர். அவருக்கு அப்போது 82 வயது. உலகம் அவர் பெயரை அறிந்த அதே ஆண்டில், அவரும் மனைவியும் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். படம் அருங்காட்சியகத்தில், எடுத்தவர் தெருவில்.

அந்தக் கண்காட்சியில் ஹார்லெமின் ஓவியர்கள் ஒருவர்கூட இடம்பெறவில்லை. எங்களைப் பற்றி எங்களைக் கேட்காமல் எப்படிக் கண்காட்சி வைக்கலாம் என்று கறுப்பினக் கலைஞர்கள் வாசலில் மறியல் செய்தார்கள். மறியலில் நின்றவர்களில் ராய் டிகராவா என்ற புகைப்படக்காரரும் ஒருவர்.

4. இருட்டை இருட்டாகவே எடுத்தவர்

டிகராவா 1919இல் ஹார்லெமில் பிறந்தவர். 1952இல் குகன்ஹைம் நல்கை பெற்ற முதல் கறுப்பினப் புகைப்படக் கலைஞர். விண்ணப்பத்திலேயே, தான் எடுக்கப்போவது சமூகவியல் ஆவணம் அல்ல என்று தெளிவாகச் சொன்னார். தன் தெருவை அதற்குள் வாழ்பவனின் கண்ணால் எடுக்க விரும்பினார். அந்தப் படங்களுக்குக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் ஒரு பாட்டியின் குரலில் கதை எழுத, 1955இல் சின்னஞ்சிறு புத்தகமாக வந்தது.

டிகராவா ஃப்ளாஷ் போடவில்லை. 1953இல் அவர் எடுத்த ஒரு படத்தில் ஆளே கிடையாது. ஏழைகள் குடியிருக்கும் கட்டடத்தின் ஒரு குறுகிய நடை, கோடியில் ஒரு மங்கல் விளக்கு. அவ்வளவுதான். சிறுவயதில் தான் நடந்த நடைகளின் நினைவு அது. ரீஸ் போயிருந்தால் தூளைக் கொளுத்தி அந்த இருட்டை உடைத்திருப்பார். அங்கே வாழ்பவருக்கோ அந்த இருட்டு பழகியது. எந்தப் படி உடைந்தது, எந்தக் கதவில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

வெளியாள் எடுக்கவே கூடாதா என்று மாணவர்கள் கேட்பீர்கள். அப்படிச் சொல்லமாட்டேன். புரூஸ் டேவிட்சன் என்ற வெள்ளையர் 1966 முதல் 1968 வரை கிழக்கு ஹார்லெமின் 100ஆம் தெருவில் ஒரே ஒரு தெருவைப் படமெடுத்தார். ஒளித்து எடுக்கவே முடியாத பெரிய கேமராவை முக்காலியில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். கேட்டு எடுத்தார். எடுத்த படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரையும் விமர்சித்தவர்கள் உண்டு. ஆனாலும் கேட்பதும் திரும்பக் கொடுப்பதும் ஒரு வேறுபாடுதான்.

சைனா டவுனில் இன்னொருவர் இருந்தார். கோர்க்கி லீ, சலவைக்கடைக்காரரின் மகன். அமெரிக்காவின் குறுக்கே போடப்பட்ட ரயில்பாதை 1869இல் முடிந்தபோது எடுத்த கொண்டாட்டப் படத்தைப் பள்ளிப் பாடத்தில் பார்த்தார். மலையை உடைத்துப் பாதை போட்ட ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களில் ஒருவர்கூட அதில் தெரியவில்லை. அந்தக் கோபம் வாழ்நாள் முழுக்க அவரை நடத்தியது. 1975இல் போலீஸ் அடித்து இரத்தம் வழிய நின்ற ஒரு சீன அமெரிக்கரை அவர் எடுத்த படம் நியூயார்க் போஸ்ட் முதல் பக்கத்தில் வந்தது. 2014இல் ரயில் தொழிலாளர்களின் வம்சாவளியினரை அதே இடத்துக்கு அழைத்துப்போய் நிறுத்தி, அந்தப் பழைய படத்தைத் திரும்ப எடுத்தார். 145 ஆண்டு கழித்து முகங்கள் தத்தம் இடத்துக்கு வந்து நின்றன. 2021 ஜனவரியில் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

5. எண் பலகையும் கூவம் கரையும்

நான்காவது கேமரா அரசாங்கத்தின் கேமரா. 1939 முதல் 1941 வரை நியூயார்க் நகர வரித்துறை, நகரின் ஐந்து பெரும்பகுதிகளிலும் இருந்த எல்லாக் கட்டடங்களையும் படமெடுத்தது. ஏறத்தாழ 7,20,000 படங்கள். ஒவ்வொரு படத்திலும் மனை எண் எழுதிய பலகை இருக்கும். வரி போடுவதற்காக எடுத்தார்கள், நினைவுக்காக அல்ல. அதே காலத்தில் இன்னோர் அரசு அமைப்பு நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று எழுதிவைத்தது.

சிவப்புப் பூசிய இடங்களில் பல பின்னாளில் இடிபட்டன. சான் யுவான் ஹில் என்ற கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழ்ந்த பகுதியை இடித்துத்தான் லிங்கன் சென்டர் என்ற கலைவளாகத்தைக் கட்டினார்கள். 7,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின. 2018இல் அந்த வரிப் படங்கள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. இன்று அந்தப் பகுதியின் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டி வீட்டு வாசலைத் தேடிப் போவது அந்த எண் பலகைப் படங்களுக்குள்தான்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. நான் கூவம் கரையில் பிறந்தவன். எங்கள் வீட்டில் ஓர் ஆல்பம் இருந்தது. அக்கா கல்யாணப் படங்கள், தாத்தா மரணத்தன்று எடுத்த படம், பொங்கலுக்கு ஸ்டுடியோவில் தாஜ்மகால் திரைச்சீலை முன்னால் நாங்கள் மூவர் நின்ற படம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. அம்மா ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பிரித்தால் முகம் வந்துவிட்டது, தாளில் வெள்ளைதான் மிச்சம்.

அதற்குப் பிறகு கணக்கெடுக்க வந்தார்கள். குடும்பத்தோடு வாசலில் நில்லுங்கள் என்றார்கள். எண் எழுதிய அட்டையை அம்மாவின் கையில் கொடுத்தார்கள். அம்மா உள்ளே போய் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். படம் எடுக்க வந்த தம்பி, நேரமாச்சும்மா என்று சலித்துக்கொண்டான். சில மாதங்களில் வீடு இடிபட்டது. நகரத்துக்கு வெளியே அடுக்குமாடியில் ஓர் அறை கிடைத்தது. நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு இன்று இருக்கும் ஒரே படம் அந்த எண் அட்டைப் படம்தான். அதுவும் எங்களிடம் இல்லை. ஏதோ ஒரு கோப்பில் இருக்கிறது. பொட்டு வைத்துக்கொண்டு வந்த அந்த ஒரு நிமிடத்தில் என் தாய், அரசாங்கத்தின் கேமராவை வான் டெர் ஸீயின் கேமராவாக மாற்றப் பார்த்தார்.

6. நாம் செய்ய வேண்டியது

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் கொட்டப்பட்டவர்களுக்கெல்லாம் பழைய தெரு ஒன்று உண்டு. அந்தத் தெருவின் படங்கள் நம் இரும்புப் பெட்டிகளில் கிடக்கின்றன. கல்யாணப் படத்தின் பின்னணியில் பழைய தேவாலயம் தெரியும், சங்கக் கொடிக்கம்பம் தெரியும், இப்போது இல்லாத கிணறு தெரியும். அதுதான் நம்முடைய நகர வரலாறு. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அது போய்க்கொண்டிருக்கிறது.

நம்மீதும் ஒரு குறை உண்டு. வன்கொடுமை நடந்த ஊருக்கு உண்மையறியும் குழுவாகப் போகிறோம். எரிந்த வீட்டை, வெட்டுப்பட்ட உடலை எடுக்கிறோம். வழக்குக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதே படத்தை அரை மணி நேரத்தில் வாட்ஸப்பில் சுற்றவிடுகிறோம். இறந்த பிள்ளையின் தாய் அதைப் பார்ப்பார் என்று நினைப்பதில்லை. 1968 வெண்மணியில் எரிந்துபோன 44 பேரை எண்ணிக்கையாகச் சொல்லத் தெரிகிறது. முதல் நாள் வரை அவர்கள் எப்படிச் சிரித்தார்கள் என்று சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது? நம் ஆவணங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் செத்துக் கிடப்பவர்கள். உயிரோடு இருந்ததற்கும் சாட்சி வேண்டும்.

நம்பிக்கையும் இருக்கிறது. மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் படமெடுத்துவரும் எம். பழனி குமார் போன்றவர்கள், அந்தப் பிள்ளைகளின் கைகளிலேயே கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிறார்கள். டிகராவா வழி அது.

மாணவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. இந்த விடுமுறையில் உங்கள் தெருவில் பத்து வீட்டுக்குப் போங்கள். ஆல்பத்தைக் கேளுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் கைப்பேசியிலேயே நகல் எடுங்கள், மூலத்தைக் கொண்டுவராதீர்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு, பின்னால் தெரிவது என்ன என்று பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். பெண்களைக் கேளுங்கள், அவர்களுக்குத்தான் பெயர்கள் ஞாபகம் இருக்கும். யாராவது இந்தப் படத்தை வெளியே காட்டாதே என்றால் காட்டாதீர்கள். புதிதாக எடுத்தால் ஒரு பிரதி அந்த வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.

அடுத்த ஆண்டு இதே மேடையில் இதே படத்துக்கு மாலை போடுவோம். அதற்குள் இந்தத் தோளில் கை வைத்திருக்கும் தோழர் யாரென்று கண்டுபிடிக்க வேண்டும். அன்று அந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போனவர்கள் இன்னும் சிலர் நம் ஊர்களில் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள். சீக்கிரம் போய்க் கேளுங்கள்.